வரியில்லாத ஊரில் ஒரு கை

ஞாயிறானால் தையற்காரி அக்காவும் தச்சுவேலைத் தம்பியும் யார் இருக்கும் நாடு நல்லது என்று வீடியோவில் மல்லுக்கட்டுவார்கள். அவள் இருக்கும் நாட்டில் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரி, ஆஸ்பத்திரி இலவசம். அவன் இருக்கும் நாட்டில் வரி பேருக்குத்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே காசு.

"என்னக்கா, வரி கட்டிக் கட்டி முழங்காலும் தேஞ்சு போச்சா? ஆபரேஷனுக்குக் கூப்பிட்டானா இல்லையா?"

"ஒரு வருஷமா வரிசையில நிக்கிறேன்டா. உனக்கென்ன இளிப்பு?"

சொல்லும்போதே அவள் கண் அவன் சட்டைக்குப் போனது. பொத்தானெல்லாம் ஒரு காஜா தள்ளிப் போட்டிருந்தான். எதிலும் கோணலைப் பொறுக்காதவன் அவன்.

"டேய், வலது கையைத் தூக்கு."

"எதுக்கு? சும்மா இரேன்க்கா."

"தூக்குடாங்கிறேன்!"

தூக்கினான். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. இரண்டு பக்கமும் பலகை வைத்துத் துணியால் கட்டியிருந்தான். அந்தப் பலகையையும் இடது கையாலேயே வழவழவென்று இழைத்திருந்தான்.

"ஏணியிலேருந்து விழுந்துட்டேன். டாக்டர்கிட்ட போனா ரெண்டு மாசச் சம்பளம் போயிடும்க்கா. தானா கூடிடும்."

'சொன்னேனே' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் விழுங்கிக்கொண்டாள். உளி பிடிக்கிற கையாயிற்றே.

"நாளைக்கே போய்க் காட்டு. பில்லை நான் கட்டுறேன்."

"உன் ஆபரேஷனுக்குப் பணம் வேணாமா?"

"மடையா, வரிசையில நிக்கக் காலுதான் வேணும், காசு வேணாம்."

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரிக்கா, இந்த வாரம் நீதான் ஜெயிச்சே."

"முதல்ல பொத்தானைச் சரியாப் போடு. அந்தக் கோலத்துல டாக்டர்கிட்ட போகாதே."