சனி ஓரையில் வந்தவள்

என் மாமனார் வேதாந்தத்துக்கு ஓரை பார்க்காமல் தும்மல்கூட வராது. மதுராந்தகம் கோயிலில் கைங்கரியம். மடியில் எப்போதும் பஞ்சாங்கம். 2001இல், நாள் கடந்தும் எனக்கு வலி வராததால் ஆபரேஷன் என்றானது. வியாழக்கிழமை பகல் ஒரு மணி, குரு ஓரையில்தான் என்று செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் அடம்பிடித்துச் சம்மதம் வாங்கிவிட்டார்.

அந்த எரிச்சலில், முதல் நாளே கணவர் அஸ்வத்திடம் என் கல்லூரி நூலகத்திலிருந்து சொற்பிறப்பு அகராதியைக் கொண்டுவரச் சொன்னேன். நான் அங்கே ஆங்கிலம் நடத்துகிறவள். பார்த்தால், ஓரை கிரேக்கச் சொல்! அங்கே 'ஹோரா'. முதலில் அதற்கு மணி என்ற பொருளே இல்லை. பருவம், பூப்பதற்கும் பழுப்பதற்கும் உரிய காலம். பிறகு பகலின் ஒரு கூறு ஆனது, பிறகு ஒரு மணி நேரம். சோதிடர்கள் மணிக்கொரு கிரகத்தை அதற்குக் காவல் வைத்தார்கள். யார் யார் வாயிலோ ஏறி, எத்தனையோ நூற்றாண்டு நடந்து வந்த சொல், என் மாமனார் மடியில் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டரைக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. "இப்பவே எடுக்கணும்" என்றார் டாக்டரம்மா. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய அஸ்வத், பேனாவும் கையுமாக அப்பாவைப் பார்த்தார்.

"இப்போ சனி ஓரைடா. அரை மணி பொறுக்கப்படாதா?"

"இன்னா சாமி, துடிப்பு எறங்கிகினு கீது. கொழந்த உன் பஞ்சாங்கத்த பாத்துகினா இருக்கும்?" என்று கத்தினாள் நர்ஸ் தெய்வநாயகி.

எனக்கு வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை.

"அப்பா, ஓரைன்னா முதல்ல மணியே இல்லை. பழம் பழுக்கற பருவம். கிரேக்கன் அதைத்தான் அப்படிச் சொன்னான். பழுத்ததைப் போய்ப் பொறுத்துக்கோன்னா எப்படிப்பா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "கையெழுத்துப் போடுடா" என்றார்.

அழுகுரல் கேட்டதும் நானும் அழுதேன். பெண் குழந்தை.

தெய்வநாயகி அவளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய் மாமனாரிடம் கொடுத்தாளாம்.

"பொறந்த நேரம் குறிச்சிகினியா சாமி?"

ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஜாதகம் கணித்தவர், அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்திருக்கிறார்.

"மறந்தே போயிட்டேனேம்மா."

"நாங்க எழுதி வெச்சிக்கீறோம். சொல்லட்டா?"

"வேண்டாம்மா" என்றாராம், குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளோட ஓரையிலே வந்துட்டா."