நெல்சன் சரிசெய்த கிதார்

பரணில் கிடந்த என் எலெக்ட்ரிக் கிதாரை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார் என் கணவர் நெல்சன். தொம்மலூரில் நடந்த ரிப்பேர் பயிற்சிக்கு உடைந்த பொருள் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்களாம். வீட்டில் மிக்சிகூடத்தான் உடைந்து கிடக்கிறது. அது மட்டும் அவர் கண்ணில் படாது.

சாயங்காலம் மாப்பிள்ளை மிடுக்கோடு வந்தார்.

"அறுந்த ஒயரை நானே சால்டரிங் பண்ணேன், டோரதி. துருப்பிடிச்ச தந்தியெல்லாம் புதுசு."

இரவல் வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயரில் செருகித் தட்டினார். கரகரப்பே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஊமையாகிப்போன கிதார் அது. கோபத்தை மறந்து கையை நீட்டினேன்.

"இன்னொரு கூத்து கேளு. எவனோ ஒரு முட்டாள் தந்தியெல்லாம் தலைகீழா மாட்டியிருந்தான். தடிச்சது கீழே, மெல்லிசு மேலே. தந்தி உட்கார்ற பட்டையைக்கூட பேத்துத் திருப்பி ஒட்டிட்டேன். இப்போ எல்லாம் கரெக்டா இருக்கு."

நான் கிதாரை வாங்கி, அதன் கழுத்து என் வலப்பக்கம் வரும்படி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மீட்டினேன். விரலுக்குப் பழகிய இடத்தில் ஒரு தந்தியும் இல்லை.

நெல்சன் திருதிருவென்று விழித்தார். "நீ எழுதறது, சாப்பிடறது எல்லாம் வலது கையிலதானே?"

"அதெல்லாம் சின்ன வயசுல ஸ்கேலால அடிச்சு மாத்தினது" என்றேன். "இது ஒண்ணைத்தான் யாரும் மாத்தாம விட்டு வெச்சிருந்தாங்க."