அவள் சொன்ன ‘பார்க்கலாம்’

கார்டு வெளிப்பக்கமாகச் சாவி போட்டு மலை ரயில் பெட்டியின் கதவைப் பூட்டியதுமே கண்ணாடிக்காரி கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பட்டறையில் லென்ஸ் தேய்ப்பவள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். பெட்டி என்றால் நூறு வருஷத்துக்கு முந்தின பெட்டி. எதிரெதிரே இரண்டு மரப்பலகை, நடுவில் ஒரு பை வைக்கக்கூட இடமில்லை. பக்கத்துப் பெட்டிக்குப் போக வழியும் கிடையாது. அடுத்த ஸ்டேஷனில் கார்டு வந்து திறந்தால்தான் உண்டு.

எதிரே அண்ணனும் அண்ணியும். பக்கத்தில் அம்மா.

“எஞ்சின் முன்னாடி இல்ல, தெரியுமா? பின்னால இருந்து தள்ளுது. நடுவுல பல்லு வச்ச தண்டவாளம், நழுவவே விடாது,” என்றான் அண்ணன். டிக்கெட் வாங்கியதிலிருந்து இந்த ரயிலைத் தானே கட்டியவன் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தான்.

“தங்கச்சிக்கு ட்ரீட் குடுக்க வந்தீங்களா, பாடம் எடுக்க வந்தீங்களா?” என்று அவனை அடக்கிவிட்டு அண்ணி இவள் பக்கம் திரும்பினாள். “நீ ஒத்துக்கிட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. அடுத்த மாசம் நாங்க வெளிநாடு போறோம், அத்தையை யார்கிட்ட விடறதுன்னு தூக்கமே இல்ல.”

கண்ணாடிக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது ஒத்துக்கொண்டாள்?

போனில் அண்ணன் கேட்டபோது பட்டறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “அம்மாவை உன்கூட வச்சுப் பார்த்துக்க முடியுமா?” “பார்க்கலாம்ணா,” என்றாள். அவ்வளவுதான். அந்த வீட்டில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். போகப்போவதில்லை என்று முடிவு செய்த கல்யாணத்துக்கெல்லாம் இதே அண்ணன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் தப்பித்திருக்கிறான். அப்படிப்பட்டவன், அம்மாவைப் பார்க்கலாம், தாராளமாகப் பார்க்கலாம் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். பேசுகிற தமிழே காலை வாரிவிட்டால் மனுஷி யாரிடம் போய் முறையிடுவாள்?

முதலாளி வேறு ஊரில் புதுக் கடை திறக்கிறார். முழுப்பொறுப்பும் இவளுக்கு. வருஷக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து கிடைத்தது. தங்குவதற்குக் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஏறுவதற்குச் செங்குத்தான இரும்புப் படி. அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகவே ஆகாது. ஆனால் முதலாளிக்கு வருகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே இல்லை. சொன்னாலோ, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே நீ வேண்டாம் என்று சொன்னதாகிவிடும். வெளியே பாறை கை எட்டும் தூரத்தில் ஊர்ந்தது. அந்த வேகத்துக்கு இறங்கி நடந்தாலே ரயிலை முந்திவிடலாம், இறங்கத்தான் வழியில்லை.

“அண்ணா, நான் பார்க்கலாம்னுதான் சொன்னேன்.”

“அதைத்தானே நாங்களும் சொல்றோம்!”

“அந்தப் பார்க்கலாம் இல்லண்ணா. நம்ம வீட்டுப் பார்க்கலாம்.”

அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் முகம் சுண்டிப்போனது. அவள் கடையைச் சொன்னாள், படியைச் சொன்னாள், வாக்குக் கொடுத்ததையும் சொன்னாள்.

“ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு, வீட்டைக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு,” என்றாள் அண்ணி. “இப்ப வந்து இலக்கணம் பேசறியே!”

வீடாயிருந்தால் யாராவது ஒருவர் விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பார்கள். இங்கே நாலு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அம்மாவின் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

“அம்மா, தப்பா எடுத்துக்காதே.”

“எனக்கு அன்னிக்கே தெரியும்டி,” என்றாள் அம்மா. “போனை ஸ்பீக்கர்லதானே போட்டிருந்தான். நீ இழுத்த இழுப்புலயே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா அண்ணன்கிட்ட சொல்லாம இருந்தே?”

“சொல்லிட்டு நான் எங்கடி போறது?”

அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கையை விலக்கவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.