மார்லீன் கொண்டுவந்த உருளைக்கிழங்கு

அமெரிக்கக் கால்பந்து சீசன் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மார்லீன் எங்கள் வாசலில் நின்றாள். கையில் அலுமினியத் தாள் மூடிய கண்ணாடித் தட்டு. சீஸ் போட்டு ஓவனில் வாட்டிய உருளைக்கிழங்கு. அந்தக் குளிரிலும் மணம் மூக்கைத் தொட்டது.

கோச்சுகளின் மனைவிமார் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது வேலை போய்விட்டால் அந்த வீட்டில் அன்று சமைக்க விடமாட்டோம். சாவு வீட்டுக்குக் கொடுப்பதுபோல் ஆளுக்கொரு தட்டோடு போய் நிற்போம். நானே எத்தனையோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதனால் தட்டைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே உதவிக் கோச்சான என் கணவர் டுவேன் டை கட்டிக்கொண்டே விசிலடித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு அணியின் தலைமைக் கோச் ரோலண்டோடு அவருக்குக் கூட்டம். ரோலண்டின் மனைவிதான் இந்த மார்லீன்.

விசில் காதில் விழுந்ததும் அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ ஃபே... எட்டு மணிக்கே டுவேனுக்குப் போன் போட்டுச் சொல்லிடுறேன்னாரே அவரு!"

"போன் எதுவும் வரல," என்றேன்.

இருபத்து நாலு வருஷம், ஒன்பது ஊர். திரைச்சீலை வாங்கினால்கூட எந்த ஜன்னலுக்கும் பொருந்துகிற அளவாகப் பார்த்து வாங்கப் பழகியிருந்தேன். மகள் பெக்காவுக்கு மட்டும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம்: இந்த ஏரிக்கரை ஊரிலேயே நீ பள்ளிக்கூடத்தை முடிப்பாய் என்று. இன்னும் ஐந்தே மாதம். நவம்பரில் தெற்கே ஒரு அணி டுவேனை இதைவிடப் பெரிய வேலைக்குக் கேட்டது. "நீ போனா என் கை ஒடிஞ்ச மாதிரிடா. நான் இருக்கிற வரைக்கும் நீ இருப்ப," என்றார் ரோலண்ட். டுவேன் மறுத்துவிட்டார். பதினேழு ஆட்டத்தில் நாலுதான் ஜெயித்தோம். அணியின் முதலாளி ஒரு தலை கேட்டிருப்பார். ரோலண்ட் தன் தலையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார்.

"யாரு, மார்லீனா?" டுவேன் சிரித்தபடியே வந்தார். "காலங்காத்தால சாப்பாடா? யார் செத்தா?"

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல் சற்று நேரம் அப்படியே நின்றார்.

"ரோலண்ட் எங்க?"

"வீட்லதான். அவருக்கு மனசே சரியில்ல, டுவேன். ராத்திரியெல்லாம் தூங்கல."

"அப்ப பத்து மணிக்கு நான்தான் அவனத் தேத்தணும்போல."

மாடியிலிருந்து பெக்கா இறங்கி வந்தாள். மூவரையும் பார்த்தாள். மார்லீனின் கையிலிருந்து தட்டை வாங்கி மேசையில் வைத்து, தாளைக் கிழித்து, ஒரு முள்கரண்டி எடுத்துத் தின்றாள்.

"உப்பு பத்தல, ஆன்ட்டி," என்றாள். பிறகு அப்பாவைப் பார்க்காமலே, "இந்தத் தடவை எந்த ஊரு?"



மார்லீன் அழுதுகொண்டே வெளியே காருக்கு ஓடினாள். ஆனால் போக முடியவில்லை. கார் பனியில் புதைந்து சக்கரம் வெறுமே சுழன்றது. சுழலட்டும் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்வானேன். டுவேன் கோட்டுகூடப் போடாமல் வெளியே போனார்.

"நீங்க ஏங்க?" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை.

"அழுத்தி மிதிக்காத, மார்லீன்! நேராப் பிடி!"

முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, தோளைக் காரின் பின்புறம் கொடுத்தார். எதிரணியை முட்டித் தள்ள, நூற்றைம்பது கிலோ ஆட்டக்காரர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த முட்டல் அதுதான். கார் உறுமியது, சேறும் பனியும் வெள்ளைச் சட்டை முழுக்கத் தெறித்தன. சட்டென்று விடுபட்டு, வளைவில் திரும்பி, போயே போய்விட்டது.

அவர் நிமிரவில்லை. முன்னால் ஒன்றுமில்லாத இடத்தை நோக்கிக் கைகளை நீட்டியபடி, குனிந்த வாக்கில், புகையாய் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.