இ. வைக்கல்

நேசக்குமார் யோசித்துத்தான் பேசுவான். அவன் யோசித்து முடிப்பதற்குள் எதிரில் நின்றவர் பாதித் தெரு தாண்டியிருப்பார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. அங்கே இதை நிதானம் என்று மெச்சினார்கள். அவன் மனைவி ஜெபசுதா அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.

பெயர் இல்லாதிருந்தது பிள்ளைக்குத்தான். நாசரேத்தில் இருந்த அவன் அப்பா பொன்னுதுரை, பேரனுக்குத் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றார். சாத்தான்குளத்து மாமனார் ஞானசிகாமணியோ, தன் பெயரைத் தவிர வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தகப்பனே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். தகப்பன் யோசித்துக்கொண்டிருந்தான். ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது.

அப்போதுதான் ஒருநாள் டயப்பர் வாங்க 'குட்டிப்பாதம்' கடைக்குப் போனான். கல்லாவில் இருந்த சந்தனச்செல்வி, புதுசாகப் பிள்ளை பெற்றவர்களுக்கென்று ஒரு கார்டு இருப்பதாகச் சொன்னாள். வாங்க வாங்கப் பாயிண்ட் ஏறும், பாயிண்டுக்குச் சாமான் சும்மா கிடைக்கும்.

"பிள்ளை பேரு சொல்லுங்க சார்."

அவன் யோசித்தான். பின்னால் வரிசை நீண்டது. கடைக்குள் ஒரு தாலாட்டு, தூங்குகிற பிள்ளையையும் எழுப்பிவிடும் சத்தத்தில் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னும் வைக்கல," என்றான், தனக்கே கேட்காத குரலில்.

கார்டு வந்தது. அதில் பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது: இ. வைக்கல்.

"மாட்டுக்குப் போடுத வைக்கலா?" என்று ஜெபசுதா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க வாயில இருந்து வந்ததே ஒரு வார்த்தை. அதுவும் இப்படியா?"

அன்றிலிருந்து போனில் கடையின் செய்திகள் வந்தன. 'அன்புள்ள வைக்கல், இந்நேரம் குப்புற விழுந்திருப்பாயே!' பாயிண்ட் சேர்க்கவென்றே அவர்கள் எதையெதையோ வாங்கினார்கள். ஆனால் சேர்ந்த பாயிண்ட் முற்றுவதற்குச் சில மாதங்கள் ஆகுமாம். முற்றிய பிறகு அதற்குக் கிடைத்ததோ பிறந்த குழந்தைக்கான டயப்பர் மட்டும்தான். பிள்ளை அதற்குள் கட்டிலைப் பிடித்து நிற்க ஆரம்பித்திருந்தான்.

"இந்த டயப்பர இனி அவன் காதுலதான் மாட்டணும். அந்தக் கார்டத் தூக்கி எறியுங்க. கடைக்காரன் லாபத்துக்கு நாம வீட்டையே கடையாக்கிட்டோம்," என்றாள் ஜெபசுதா.

நேசக்குமாருக்கு எறிய மனமில்லை. அவன் தயக்கத்தை ஒரு பதிலாக யாரும் இதுவரை எடுத்துக்கொண்டதில்லை. இந்தக் கடை மட்டும்தான் அதை அச்சடித்தும் கொடுத்திருந்தது.

வினை வேறு வழியில் வந்தது. செய்தி வரும்போதெல்லாம் வாசித்துச் சிரித்ததில், பிள்ளைக்கு அந்தப் பெயர் பிடிபட்டுவிட்டது. தம்பி என்றால் திரும்பமாட்டான், தங்கம் என்றாலும் திரும்பமாட்டான். வைக்கல் என்றால் திரும்பிச் சிரிப்பான்.

ஒரு மதியம் இரண்டு தாத்தாக்களும் ஒன்றாக வந்திருந்தபோது இது அம்பலமானது.

"ஞானசிகாமணின்னு கூப்பிடுததுக்கு வைக்கல்னே கூப்பிடலாம்வே," என்றார் பொன்னுதுரை.

"நானும் அதத்தாம்வே சொல்லுதேன். பொன்னுதுரைக்கு வைக்கல் எவ்வளவோ தேவல!"

கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது இதில்தான். கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும் ஜெபசுதா அழுதாள். "பள்ளிக்கூடத்துல, கல்யாணப் பத்திரிகையில எல்லாம் எம்பிள்ள வைக்கலாவே இருக்கணுமா? வார ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துல சர்ச் ஐயர் பேரு கேப்பாவ. அங்கனயாவது வாயத் தொறங்க."

ஞாயிற்றுக்கிழமை குருவானவர் பிள்ளையைக் கையில் வாங்கி, தண்ணீரைத் தொட்டபடி கேட்டார்: "இந்தப் பிள்ளையின் பெயர் என்ன?"

நேசக்குமார் யோசித்தான். முன்வரிசையில் இரண்டு தாத்தாக்களும் மாற்றி மாற்றி இருமினார்கள். குருவானவர் விரலிலிருந்து தண்ணீர் சொட்டி நின்றுபோனது. அவர் மறுபடியும் விரலை நனைத்தார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வைக்கல்," என்றார்கள்.

பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"அபிலாஷ்!" என்று கத்தினான் நேசக்குமார்.

மைக் கீச்சிட்டது. அந்தப் பெயர் எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியாது. இரண்டு குடும்பத்திலும் அப்படி ஒருவரும் இல்லை. தாத்தாக்கள் இரண்டாம் முறையாக ஒத்துப்போய், விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். ஜெபசுதா மட்டும் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

"பேரு மாத்த முடியாது சார்," என்றாள் சந்தனச்செல்வி. "அபிலாஷுக்குப் புதுசு போட்டுருதேன். வைக்கல் கார்ட க்ளோஸ் பண்ணிருவோமா? கம்ப்யூட்டர் காரணம் கேக்குது. ஊர் மாறிட்டாங்க... இல்லன்னா, பிள்ளை..." அடுத்த காரணத்தை அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை.

நேசக்குமார் திரையைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "வைக்கல்னு ஒரு பேரு இருக்கும்னு எப்படிம்மா நெனச்ச?"

"எங்க ஊர்ல வயலும் வைக்கப்படப்புந்தான் சார். உங்க சாமி பிறந்தப்போ வைக்கல்லதான படுத்திருந்தாராம்? அதான், மரியாதையா வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"இருக்கட்டும். க்ளோஸ் பண்ண வேண்டாம்," என்றான். யோசிக்காமல் சொன்னான்.

புது கார்டுக்கு அன்பளிப்பாக, பிறந்த குழந்தைக்கான டயப்பர் ஒரு கட்டு கொடுத்தார்கள். அதோடு வீட்டுக்குள் நுழையும்போதே போன் சிணுங்கியது. ஜெபசுதா வாங்கி வாசித்தாள். 'அன்புள்ள வைக்கல், உனக்குத் தம்பி பிறந்திருக்கிறான்! வாழ்த்துகள்!'

"எனக்குத் தெரியாம இத எப்பங்க பெத்தேன்?"

அப்பா கொண்டுவந்த பழைய கார்டை அதற்குள் பிடுங்கி, தரையில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருந்தான் பிள்ளை. நேசக்குமார் எதிரே உட்கார்ந்து, "அபிலாஷ்," என்று கூப்பிட்டான்.

பிள்ளை திரும்பவில்லை. மற்றப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்தான். நெடுநேரம் இருந்தான். அப்படிப் பேசாமல் இருப்பது யார் என்று பிள்ளைக்குத் தெரியும் போல. கார்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பினான்.