பொன்னாடைக்கு வலது கை

"பிள்ளை, அவர் எழுதித் தந்ததை அப்படியே வாசியுங்கோ. வேற ஒண்டும் கதைக்க வேண்டாம்," என்றார் தலைவர் சபாரத்தினம். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஸ்வர்ணா நான்தான். பேருக்குத்தான் பதவி, வேலையெல்லாம் மேடையில் வாசிப்பதும் சமோசாவுக்குச் சொல்லி வைப்பதும்.

கையிலிருந்த தாள், முன்னாள் போலீஸ் கமிஷனர் திருநாவுக்கரசு தானே எழுதித் தந்த பணி வரலாறு. ஊரிலிருந்து இங்கே பிளாட் புஷ் பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வருகிற பெரிய மனிதருக்குப் பொன்னாடை போடாமல் அனுப்பினால் எங்கள் சங்கத்துக்குத் தூக்கம் வராது. அங்கே மூன்றே ஆண்டில் எங்கள் சொந்த ஊரை ரவுடிகள் இல்லாத நகரமாக்கினாராம். அந்தச் சுத்தத்தில்தான், பெட்டிக்கடை வாசலில் நின்ற என் தம்பி வெற்றியையும் அள்ளிக்கொண்டு போனார்கள். நான்கு நாள் லாக்கப். கமிஷனரே வந்து பார்த்து, "இன்னும் நல்லா கவனிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தைந்து வருடமாக வெற்றியின் வலது கை இடுப்புக்கு மேல் எழுவதில்லை.

இன்று மனுகாவ் ஹாலில் மைக் செட்டுக்குப் பொறுப்பே வெற்றிதான். "பழச கிளறாதக்கா. யார்கிட்டயும் சொல்லாத," என்று காலையிலேயே சத்தியம் வாங்கிவிட்டான்.

எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. திரைக்குப் பின்னால் நடந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் நடந்தேன். ஒரே ஒரு வரி சேர்த்து வாசித்தால் போதும். மேடையேறியதும் வாய் வரவில்லை. எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

விழாவுக்கு உழைத்தவர் யாரும் முகம் சுளிக்கக் கூடாதென்று, பொன்னாடை போட அவர்களில் ஒருவரைத் திடீரென்று மேடைக்குக் கூப்பிடுவது சபாரத்தினத்தின் வழக்கம். "இந்த முறை எங்கட சவுண்ட் பாக்கிற தம்பி வெற்றி!" என்று என்னிடமிருந்து மைக்கை வாங்கிச் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தார்.

வெற்றி வந்தான். இடது கையால் சால்வையை அவர் தோளில் போட்டான். அது பாதி சரிந்தது.

கமிஷனர் போட்டோவுக்குச் சிரித்தபடியே முணுமுணுத்தார்: "இடது கையாலயா போடுவ? வலது கைய எடு தம்பி."

"வராது சார்," என்றான் வெற்றி, அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற குரலில். "உங்க லாக்கப்புல போனது."

அவர் சிரிப்பு நின்றது.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. தம்பியைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவன் தலையாட்டவில்லை. மைக்கை அவன் வாயருகே கொண்டுபோனேன்.

"இன்னொரு தடவ சொல்லுடா," என்றேன்.