பயணம் எடுத்து வைத்த பிள்ளை

இலங்கையில் தெரணியகலைக்கு மேலே உள்ள ரப்பர்த் தோட்டமொன்றின் கீழ் டிவிஷனில், கிஷானி என்ற ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் வெள்ளைப் பனி விழத் தொடங்கியது 2023 ஜனவரி இருபத்தைந்தாம் தேதி, புதன்கிழமை, பகல் பத்தே காலுக்கு. பனி என்றால் விடியற்காலையில் மரத்துக்கு மரம் தொங்குகிற மூடுபனி இல்லை. படத்தில் பார்க்கிற, அள்ளினால் கையில் கரைகிற பனி. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. மரத்தில் காய்ந்து உரித்தெடுத்த ஒட்டுப்பால் மூட்டைகள் நாறிக்கொண்டு லொறிக்குக் காத்திருந்தன. பிள்ளைக்கு இரண்டடி தள்ளி நின்றவர்கள் மேல் ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

எல்லாம் பிள்ளையின் அம்மா விஜயகலா செய்த வேலை என்றது தோட்டத்து வரிசை வீடுகளான லயம். லயம் பேசுவதில் பாதி புளுகு என்றாலும் இது உண்மை. அவள் புருஷன் தினேஷ் கனடாவுக்குக் கிளம்பியது ஓர் அஷ்டமியில். அதனால்தான் அவனுக்குப் பேப்பர் கிடைக்க நாலு வருடம் இழுத்தது என்று அவள் நம்பினாள். கடைசியில் தாய்க்கும் மகளுக்கும் விசா வந்து, விமானம் சனிக்கிழமை என்றானபோது நாட்காட்டியைப் பார்த்தால் அன்றைக்கும் அஷ்டமி. இப்படிப்பட்ட இக்கட்டுக்கு நம் ஆட்களிடம் ஒரு வழி உண்டு. முன்னாலேயே ஒரு நல்ல நேரம் பார்த்து, ஒரு துணி மூட்டையையோ தேங்காயையோ போகிற வழியில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் எடுத்து வைக்கிறது என்று பெயர். அதோடு ஆள் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்த அஷ்டமியும் ஒன்றும் செய்யாது. வைத்ததை மறுபடி வீட்டுக்குள் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். எல்லோரும் தேங்காயைத்தான் வைப்பார்கள். விஜயகலா பயந்துபோய்ப் பிள்ளையையே வைத்தாள்.

வைப்பதென்றால் பயணத்துக்குரிய கோலத்தோடு வைக்க வேண்டாமா? தினேஷ் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் உடுத்திவிட்டாள். பருத்தி ஆகாது; வேர்த்தால் ஈரம் நின்று உடம்பைக் கொன்றுவிடும். உடம்போடு ஒட்டுகிற நைலோன் உள்சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட். விரல் விரலாகப் பிரிந்த கையுறை வேண்டாம், நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற பை மாதிரியானதுதான் நல்லது. விரலுக்கு விரல் சூடு கொடுக்கும். கோட்டை நுவரெலியாவில் தேடி வாங்கி வந்தவர் சந்திக் கடை மஹ்ரூப் நானா. பூட்ஸ்தான் அகப்படவில்லை. விஜயகலா தடித்த காலுறைகளை மூன்று தரம் ரப்பர் பாலில் தோய்த்துக் காயவைத்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. ரப்பர்க்காரிக்கு அது தெரியாதா என்ன! பிறகு பிள்ளையைத் தூக்கிப்போய், மஹ்ரூப் நானாவும் மனைவி ஸாஹிராவும் குடியிருக்கிற அந்தச் சந்திக் கடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். பனி விழுந்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தினேஷ் கனடாவிலிருந்து கோல் எடுத்தான். ஏதோ பேப்பர் பிழையாம். இரண்டு பேருடைய விசாவையும் நிறுத்திவிட்டார்களாம். “கொஞ்ச நாள் பொறு கலா” என்றான். “நான் பொறுத்துக்குவேங்க. புள்ள கெளம்பிருச்சே” என்று அழுதாள் விஜயகலா. பொண்டாட்டிக்கு மூளை கலங்கிவிட்டதென்று அவன் நினைத்தான்.

பிள்ளை கிளம்பித்தான் இருந்தாள். லயத்துக்குத் தூக்கி வந்து கட்டிலில் படுக்கவைத்தபோது பனியும் கூடவே வந்து தலையணையை நனைத்தது. கையுறையைக் கழற்றினால் விரல் நீலம் பாரித்தது. பிள்ளை இங்கே சோறு தின்றாள், பள்ளிக்கூடம் போனாள், வாய்ப்பாடு சொன்னாள். ஆனால் அவள் நடந்துகொண்டிருந்தது எங்கேயோ ஒரு வெள்ளைத் தெருவில், தனியாக. விஜயகலா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்கும்போதே, “அம்மா, நீ எப்ப வருவ?” என்று கேட்பாள். பெற்றவளுக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டியதில்லை.

கோயில் ஐயர் திருநீறு போட்டார். அது நெற்றியில் உறைந்து நின்றது. ஆஸ்பத்திரி நர்ஸ் சிங்களத்தில் “அனே பவ்” என்று பரிதாபப்பட்டு ஒரு போர்வை தந்தாள். தோட்ட ஆபீஸ், லயத்துக் கூரை ஒழுகுவதாக எழுதிக்கொண்டு தகரம் அனுப்புவதாகச் சொன்னது, இன்னும் அனுப்பவில்லை. முதல் மாதம் கித்துல்கலை ஆற்றில் படகு விட வந்த சுற்றுலாக்காரர்கள்கூட வந்து படம் பிடித்தார்கள். பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. மீன் வாங்கி வருகிற பெண்கள் கிஷானியின் காலடியில் கொஞ்ச நேரம் பையை வைத்துவிட்டு ஊர்க்கதை பேசினார்கள்.

பிள்ளை வளர்ந்தது, கோட் வளரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கழற்றுகிற அந்த ஒரு நிமிடத்தில் உயிர் போய்விடலாம். அதனால் ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகையறையில் வைத்து மாற்றினார்கள். நாலு பெண்கள் புகையில் கண்ணெரிய அவளைச் சுற்றி நெருக்கி நின்றுகொள்வார்கள். விஜயகலா ஓர் உடுப்பை உருவுவதற்குள் அடுத்ததை மாட்டிவிடுவாள். பழனிக்குப் போவதாக, கதிர்காமத்துக்குப் போவதாக எத்தனையோ நேர்ந்து பார்த்தாள். சாமிக்கும் குளிர்போல, வாய் திறக்கவில்லை. தினேஷின் கோல் வாரத்துக்கு ஒன்றானது, மாதத்துக்கு ஒன்றானது, பிறகு இல்லை.

இந்த வருடம் ஜனவரியில் ஒருநாள், விஜயகலா ரப்பர்ப் பால் வெட்டிவிட்டு வந்து கைப்பிசினை உரித்துக்கொண்டிருந்தபோது, “அம்மா, அப்பா வூட்டுக்கு வந்துட்டேன்” என்றாள் கிஷானி. வீட்டு நம்பரையும் சொன்னாள். சரியான நம்பர்தான். விஜயகலா பிசின் கையோடேயே மகளின் கையுறையைப் பற்றினாள்.

“தட்டு சாமி, நல்லாத் தட்டு.”

“தட்டினேன். ஒரு வெள்ளக்காரம்மா வந்தாங்க. அப்பா பேரச் சொன்னேன். இல்லன்னு தலைய ஆட்டிட்டுச் சாத்திட்டாங்க.”

விஜயகலா தினேஷின் நம்பருக்கு எடுத்தாள். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்றது பதிவுக் குரல். அப்போது அவள், புறப்பட்டவரிடம் யாரும் சொல்லக்கூடாததைச் சொன்னாள்: “திரும்பி வந்துருடி.”

“வந்த வழி தெரியலம்மா. கால்தடமெல்லாம் மூடிருச்சு.”

“அப்ப அந்த வாசல்லயே நில்லு. எங்கயும் போகாத. அப்பா வருவாங்க.”

அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு சந்திக் கடைக்குப் போனாள். நடக்கிற பிள்ளைக்கு நடையே பாதிச் சூடு கொடுக்கும். நிற்கிற பிள்ளைக்கு அது கிடையாது. “நானா, புள்ள இப்ப நிக்குது. இத விடத் தடிச்ச கோட்டு ஒண்ணு வேணும்” என்றாள். மஹ்ரூப் நானா எதுவும் விசாரிக்கவில்லை. ஒன்பது வயது அளவா, பத்து வயது அளவா என்று மட்டும் கேட்டார்.

“பன்னண்டு வயசுக்கு எடுங்க” என்றாள் விஜயகலா.

அப்படியே எடுத்து வந்தார். கோட்டின் கைகள் நீளமாக இருந்தன. ஸாஹிரா அவற்றை இரண்டு மடிப்பு மடித்து, பிறகு பிரித்துவிடச் சுலபமாக இருக்கட்டும் என்று எட்ட எட்டத் தையல் போட்டுக் கொடுத்தாள்.